முதலாண்டு அடிப்படைப் பாடத்தைப் பயனுறப் படிப்பது எப்படி?

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது. தமிழ் முதற்பகுதியிலும், ஆங்கிலம் இரண்டாவதிலும், முதன்மைப் பாடங்கள் மூன்றாவதிலும் வர, ஃபவுண்டேஷன் கோர்ஸ் எனப்படும் அடிப்படைப் பாடம் நான்காம் பகுதியில் சேர்கிறது. பெரும்பாலும் இரண்டு கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) மட்டுமே உடையது என்பதால், தேர்வுக்கு முந்தைய இரவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாணவர் பலரும் இதை ஒதுக்கிவிடுகின்றனர். ஒற்றைப் பாடநூலையும் அதற்கான கைடையும் நம்பிப் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்தவர், பல நூல்களைத் தாமே தேடிப் படித்துத் தொகுக்கும் முறைக்கு மாறுவதற்குக் கிடைக்கும் கால அவகாசம் இது என்பதால், இதை வீணாக்கலாகாது.

முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தின் நகலைத் துறையிலிருந்தோ பல்கலைக்கழக இணையதளத்திலிருந்தோ பெற்றுக்கொள்ளுங்கள். அலகுகளையும் பார்வை நூல்களையும் அதில் குறித்துக்கொண்டு, இன்டர்னல் மதிப்பெண் எவ்வாறு பிரிக்கப்படுகிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டறியுங்கள். பல பல்கலைக்கழகங்களில் இது 25, எழுத்துத் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் வேறுபடலாம்.

அடுத்தது குறிப்பெடுத்தல். இதில்தான் அதிகக் கவனம் தேவை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறை எளியது, செலவில்லாதது. தாளின் இடப்புறம் ஒரு குறுகிய பத்தியையும், அடியில் ஐந்தாறு வரிகளுக்கான இடத்தையும் கோடிட்டு விட்டுவிடுங்கள். வகுப்பில் கேட்பதை வலப்புறம் எழுதுங்கள். அன்று மாலையே அதைப் படித்து, எந்தக் கேள்விக்கு அது விடையாகுமோ அந்தக் கேள்வியை இடப்புறம் எழுதுங்கள். அடியில் அப்பக்கத்தின் சாரத்தை உங்கள் சொற்களில் இரண்டு மூன்று வாக்கியங்களாகத் தாருங்கள். பின்னர் வலப்புறத்தை மூடிக்கொண்டு கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள். மறுநாளும், ஒரு வாரம் கழித்தும் இதைத் திரும்பச் செய்வது, ஒரே இரவில் பலமுறை படிப்பதைவிட நினைவில் நெடுநாள் நிற்கும்.

தமிழ்வழியில் பயின்று வந்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் விளக்கத்தைத் தமிழிலும் எழுதிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பொருள் விளங்காமல் ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்வதுதான் பின்னாளில் அரியராக வந்து நிற்கிறது. பொருள் தெளிந்தபின் அதே சாரத்தை ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதிப் பார்ப்பது தேர்வுக்கும் உதவும், மொழிக்கும் உதவும்.

மூன்றாவதாக, நூலகம். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அந்த உரிமையை முதலாண்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பை உங்கள் கல்லூரி நூலகம் பின்பற்றினால் பொருளியல் 330-இலும், கணிதம் 510-இலும், தமிழ் இலக்கியம் 894.811-இலும் இருக்கும். உங்கள் துறைக்குரிய அலமாரி எண்ணைத் தெரிந்துகொண்டு, ஒரே தலைப்பை இரண்டு நூல்களில் படித்து, அவை எங்கே வேறுபடுகின்றன என்று குறித்துவையுங்கள். கல்லூரிகளுக்கு மின்னூல்களை இணையவழி வழங்கும் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி உறுப்பினராக இருந்தால், மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் படிப்பதற்கான பயனர் கணக்கை நூலகரிடம் கேட்டுப் பெறலாம்.

அசைன்மென்ட் எழுதும்போது நூலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். படித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதியபின் சரிபாருங்கள். எடுத்தாண்ட நூலின் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்க எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். செமினாருக்கு முன்சொன்ன குறிப்புத் தாளே போதுமானது: இடப்புறக் கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பழகுங்கள்.

இரண்டாம் பருவம் தொடங்கும்போது இக்குறிப்பு முறையை முதன்மைப் பாடங்களில் ஒன்றுக்கு, மிகக் கடினமாகத் தோன்றும் பாடத்துக்கே, முதலில் பயன்படுத்துங்கள்.