மலாவி ஏரிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மலாவி ஏரிக்காகத்தான் போகிறார்கள். தவறுகளும் அதிகம் அங்கேதான் நடக்கின்றன. ஏரி என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடும். மறுகரை தெரியும், அலை இருக்காது என்ற நினைப்போடு போவோம். மலாவி ஏரியோ வடக்கு தெற்காகச் சுமார் 580 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 700 மீட்டர். மே முதல் ஆகஸ்ட் வரை தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே ம்வேரா என்று பெயர். அது கிளம்பினால் சில நாட்கள் விடாமல் வீசும். மீனவர்களே படகைக் கரையேற்றிவிடுவார்கள். ஆகவே ஏரியிலுள்ள லிக்கோமா தீவுக்குப் போய்விட்டு மறுநாளே விமானம் ஏறலாம் என்று திட்டம் போடாதீர்கள். குறைந்தது இரண்டு நாட்களாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இலாலா என்ற பழைய பயணிகள் கப்பலை நம்பிப் போகிறவர்களும் அது ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. அது நின்றுபோன காலங்களும் உண்டு.

அடுத்தது, தண்ணீர் கண்ணாடி போல இருக்கிறதே என்று எங்கு வேண்டுமானாலும் இறங்கிவிடுவது. இந்த ஏரியில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் உண்டு. ஒருவகை நன்னீர் நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு, நம் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். குடித்தால்தான் ஆபத்து என்பதில்லை, காலை நனைத்தாலே போதும். நாணல் மண்டிய, அசையாத, ஊருக்கு அருகிலுள்ள கரைகளில் ஆபத்து அதிகம். ஆனால் தெளிந்த மணற்கரையும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மலாவி ஏரி தேசியப் பூங்காவின் கேப் மக்ளியர் பகுதியிலேயே இந்த நோய் பரவியிருக்கிறது. நத்தைகளைத் தின்னும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்ததால் நத்தைகள் பெருகின என்று அங்கே ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். மீன் குறைந்தால் சாப்பாடு மட்டும் குறைவதில்லை என்பதை நினைத்தால் மனது கனக்கிறது.

அதற்காக ஏரியில் இறங்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பாறை இடுக்குகளில் நீலமும் மஞ்சளுமாக நீந்தும் ம்புனா மீன்களைப் பார்க்காமல் திரும்பினால் அவ்வளவு தூரம் போனதில் பாதி வீண். இறங்குங்கள், வெளியே வந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிய பிறகு மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது: குளித்த மறுநாளே மாத்திரையைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பிராசிகுவான்டல் மாத்திரை வளர்ந்த புழுவைத்தான் சரியாகக் கொல்லும், அது வளர வாரக்கணக்காகும். அதனால்தான் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். முதலையும் நீர்யானையும் சில இடங்களில் உண்டு. எங்கே என்று அந்தந்தக் கரைக்காரர்களுக்குத் தெரியும். இறங்கும் முன் ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

மலேரியா நாடு முழுக்க, வருடம் முழுக்க இருக்கிறது. தடுப்பு மாத்திரை பற்றிப் புறப்படுமுன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் மலாவியில் இல்லை என்று தடுப்பூசியை விட்டுவிடுகிறவர்கள், வழியில் அந்த நோய் உள்ள நாடுகளின் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மலாவியில் சான்றிதழ் கேட்பார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பண விஷயத்தில் ஒன்றுதான்: ஏரிக்கரை ஊர்களில் வங்கி அட்டையை நம்பாதீர்கள். பெரிய நகரங்களான லிலோங்வேயிலோ பிளான்டைரிலோ அந்நாட்டுப் பணமான குவாச்சாவை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இருட்டிய பிறகு காரில் போவதையும் தவிர்த்துவிடுங்கள். விளக்கில்லாத சைக்கிள்களும் ஆடுகளும் நடந்துபோகிறவர்களும் அதே சாலையில்தான் வருவார்கள்.

அப்புறம், கேமரா. ஏரிக்கரை அங்குள்ளவர்களுக்குக் குளியலறை, துணி துவைக்கும் இடம், உசிப்பா என்ற பொடிமீனைக் காயப்போடும் களம், எல்லாமும்தான். காலைக் காட்சி அழகாக இருக்கிறது என்று குளித்துக்கொண்டிருக்கும் பெண்களின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். நம் வீட்டுக் கிணற்றடியில் ஒருவர் வந்து படம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும்? கரையை விட்டு ஊருக்குள் போகும்போது பெண்கள் முழங்கால் மறைய உடுத்தினால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

வணக்கம் சொல்லாமல் நேராக விலையையோ வழியையோ கேட்பது அங்கே முரட்டுத்தனம். அவசரமாக இருந்தாலும் முதலில் 'முலி ப்வாஞ்சி?' என்று நலம் விசாரியுங்கள். அவர் பதில் சொல்லி உங்களையும் விசாரிப்பார், அதற்கும் நின்று பதில் சொல்லுங்கள். பிறகு கேட்க வந்ததைக் கேட்கலாம். விடைபெறும்போது 'ஸிகோமோ', அதாவது நன்றி.