ஜாஸ் போட ஒரு மணி நேரம் கிடைத்தால் என்னென்ன செய்யக் கூடாது

புதுச்சேரியில் ஒரு சின்ன வானொலி நிலையத்தில் வாரம் ஒரு மணி நேரம் ஜாஸும் புது இசையும் போடுகிறேன். சம்பளம் கிடையாது, டீ உண்டு. ஆரம்பித்தபோது ஜாஸ் ஓரளவு தெரியும், ரேடியோ சுத்தமாகத் தெரியாது. இங்கே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி நானே செய்தவை.

முதல் தவறு மைக்கைத் திறந்ததுமே நடந்துவிடும். "இது கொஞ்சம் வித்தியாசமான இசை, எல்லோருக்கும் பிடிக்காமல் போகலாம், பொறுமையாகக் கேளுங்கள்." பந்தியில் உட்கார்ந்தவரிடம் "சாம்பார் சுமார்தான்" என்று சொல்லிக்கொண்டே இலை போடுவது மாதிரி. முதல் ஆறு வாரம் இப்படித்தான் ஆரம்பித்தேன். நிலையத்துக்கு டீ கொண்டுவருபவர் ஒருநாள் கேட்டார்: "ஏன் சார், நீங்களே நல்லா இருக்காதுன்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்குப் போடுறீங்க?" அத்தோடு விட்டேன்.

மன்னிப்பு கேட்காதவர்கள் பாடம் எடுக்கிறார்கள். நானும் அடுத்து அங்கேதான் போனேன். நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி ஆறு, 1917-ல் வந்த முதல் ஜாஸ் இசைத்தட்டு, பீபாப் என்ற ஜாஸ் பாணி எப்போது வந்தது, கூல் என்ற பாணி எப்போது வந்தது என்று ஆறு நிமிடம் பேசிவிட்டு மூன்று நிமிடம் பாட்டு. பேசியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ரேடியோவைப் பாட்டுக்காகத்தான் திறக்கிறார்கள். 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் சிற்றலையில் ஜாஸ் போட்ட வில்லிஸ் கானோவர், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்காகவே எளிய சொற்களில் மெதுவாகப் பேசினார். இலங்கை வானொலியில் மயில்வாகனனைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிடம் இதை விளக்கத் தேவையில்லை. நல்ல அறிவிப்பாளர் பாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்பார்.

மன்னிப்பு, பாடம் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: "நம்ம ஆளுங்களுக்குப் புரியாது" என்ற நினைப்பு. இந்த நினைப்பைத்தான் முதலில் கழற்றி வைக்க வேண்டும்.

பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு 1959-ல் பதிவு செய்த 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் ஓடுவது. அன்றைய ஜாஸ் பெரும்பாலும் நான்கில் ஓடியதால் இது புதுமையாகப் பேசப்பட்டது. நம்மூரில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மைக்கில் நாலு முறை "தகிட தக, தகிட தக" என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். மிருதங்க வகுப்புக்குப் போகும் பையன் வீட்டில் இருந்தால் தொடையில் தட்ட ஆரம்பித்துவிடுவான். அதே ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு "தக தக தக தகிட", மொத்தம் ஒன்பது. 1958 சுற்றுப்பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் வாசித்தவர்களிடம் புரூபெக் கேட்ட தாளம் அது. அந்தப் பயணத்திலேயே மெட்ராஸுக்கும் வந்து போனார்.

நியூ ஆர்லியன்ஸும் அப்படித்தான். 1718-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த துறைமுக ஊர். அங்கே கறுப்பின மக்களின் சாவு ஊர்வலத்தில் பித்தளை வாத்தியக் குழு வரும். இடுகாடு வரை மெதுவான துதிப்பாட்டு, அடக்கம் முடிந்து திரும்பும்போது தெருவே ஆடும். சாவுக்கு மேளமும் ஆட்டமும் ஏன் என்று நம்மூரில் யாரும் கேட்கப்போவதில்லை. இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு டிரம்பெட்டை விட்டால் போதும்.

ஆனால் உற்சாகத்தில் அந்தப் பக்கம் போய் விழாதீர்கள். "ஜாஸ் என்பது நம்ம கர்நாடக சங்கீதம்தான், பேர்தான் வேற" என்று நானே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். மறுநாள் கீபோர்டு வாசிக்கும் நண்பர் நன்றாகக் கொடுத்தார். இரண்டிலும் மனோதர்மம் உண்டு, சரி. டிரம்ஸ்காரரும் மற்றவர்களும் நாலு நாலு பாராக (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) பங்கு போட்டு வாசிக்கும்போது தனி ஆவர்த்தனத்தில் வரும் குறைப்பு ஞாபகம் வரும், அதுவும் சரி. ஆனால் கச்சேரியில் சுருதி ஆடாமல் நிற்க, அதன் மேல் ராகம் விரிகிறது. ஜாஸில் பெரும்பாலும் கீழே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், மாறிக்கொண்டே போகும். பன்னிரண்டு அல்லது முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒவ்வொருவராக வந்து, தரை மாறும் இடமெல்லாம் காலை மாற்றி வைக்கிறார்கள். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் இந்த மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நீண்ட நேரம் நின்று வாசித்த ஆல்பம் நம் காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். அதற்காக அதை மோகனம், கல்யாணி என்று பெயர் சூட்டி அறிவிக்க வேண்டாம்.

புதியவருக்கு நான் இப்போது சொல்வது ஒரே வாக்கியம்தான்: "ஆரம்பத்தில் வரும் மெட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் அது காணாமல் போகும், கடைசியில் திரும்பி வரும்."

இதைச் சொல்லிவிட்டு, அந்த மெட்டு திரும்பி வருவதற்கு முன்னால் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையை) இறக்குவதை விடப் பெரிய துரோகம் கிடையாது. விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டது, ஒன்பது நிமிடப் பாட்டில் ஆறாவது நிமிடத்தில் மெல்லக் குறைத்து ஜிங்கிளைப் போட்டுவிடுகிறோம். கதையைக் கடைசி அத்தியாயம் கிழிந்த புத்தகமாகக் கொடுத்த மாதிரி. நேரம் குறைவு என்றால் பழைய 78 சுழற்சித் தட்டுக் காலத்துக்குப் போங்கள். 1948-ல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வருவதற்கு முன்னால் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் அந்தக் கலைஞர்கள் மூன்று நிமிடத்துக்குள்ளேயே ஆரம்பித்து, விரித்து, முடித்துவிடுவார்கள். நிகழ்ச்சியின் கடைசி நான்கு நிமிடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை.

பெட்டிக்குள் நடப்பவை

ஒரு சனிக்கிழமை மாலை, நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பியானோ நிற்கிறது, டிரம்ஸ் நிற்கிறது, டபுள் பேஸ் மட்டும் தனியாக, மூச்சு விடுவது போல வாசிக்கிறது. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். திடீரென்று குத்துப்பாட்டு. கண்ணைத் திறந்தால் அறையில் யாரும் எதையும் தொடவில்லை. எங்கள் மென்பொருளில், சத்தம் ஓர் அளவுக்குக் கீழே சில விநாடி இருந்தால் ஒலிபரப்பு நின்றுவிட்டது என்று முடிவு செய்து, கையிருப்புப் பாட்டைத் தானாகவே போடும் ஏற்பாடு இருந்திருக்கிறது. சினிமாப் பாட்டில் அவ்வளவு அமைதி வராததால் அதுவரை யாருக்கும் தெரியாது. உங்கள் நிலையத்தில் இது எத்தனை விநாடிக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பயந்து எல்லாப் பாட்டையும் கணினியில் அமுக்கி ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவது அடுத்த தவறு. பிரஷ்ஷால் டிரம்ஸைத் தடவும் ஓசையும் டிரம்பெட்டின் உச்சமும் ஒரே உயரத்தில் நின்றால் மிஞ்சுவது இரைச்சல். ஏற்கெனவே டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் இருக்கும் கருவி ஒருமுறை அமுக்கத்தான் போகிறது. நீங்களும் சேர்ந்து அமுக்க வேண்டாம்.

இன்னொன்று நான் சிக்னலில் நின்றபோது கற்றது. ஆட்டோக்காரர் ஒருவர் செல்போனில் எஃப்எம் கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு காதில் மட்டும் இயர்போன். அதன் ஒயர்தான் போனுக்கு ஏரியல் என்பதால் செருகாமல் எஃப்எம் எடுக்காது. வண்டி ஓட்டுபவர், தையல் மிஷினில் இருப்பவர், கல்லாவில் இருப்பவர் எல்லோருக்கும் ஒரு காது வேலைக்கு வேண்டும். 1950, 60களின் ஸ்டீரியோப் பதிவுகள் பலவற்றில் சாக்ஸபோன் முழுக்க ஒரு பக்கம், டிரம்ஸ் முழுக்க மறுபக்கம். அப்படியே ஸ்டீரியோவில் விட்டால் ஒற்றைக் காதுக்காரருக்கு நாற்பது நிமிடம் டிரம்ஸ் மட்டும் கேட்கும். அந்தக் காலப் பதிவுகளை நான் இப்போது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து மோனோவாக்கித்தான் போடுகிறேன். வீட்டில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

பழசு என்றால் இலவசமா?

எல்லோரும் வழுக்கும் இடம் இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை அதற்கு உரிமை உண்டு. 1959-ல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸ் பதிவுக்கு 2019 முடிவோடு கணக்கு தீர்ந்தது. "அப்படியானால் தாராளமாகப் போடலாம்" என்று கைதட்டுபவர்கள் மறப்பது, பதிவுக்குள்ளே இருக்கும் மெட்டு தனிச் சொத்து என்பதை. மெட்டுக்கு, அதை அமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. டேவிஸ் இறந்தது 1991-ல், ஆக 2051 வரை அது காலியாகாது. இசையமைப்பாளர்கள், பாடலாசிரியர்கள் சார்பில் உரிமம் தருவது ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு. நிலையத்துக்கு அந்த உரிமம் இருக்கிறதா, எதுவரை இருக்கிறது என்று நிர்வாகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். நோட்டீஸ் வந்தால் கூச்சம் போய்விடும்.

இரண்டு உரிமையும் முடிந்துபோன நல்ல சரக்கும் இருக்கிறது. பெஸ்ஸி ஸ்மித் 1925-ல் பாடிய 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' ஒன்று. அதை எழுதிய டபிள்யூ. சி. ஹேண்டி 1958-ல் இறந்தார். உடன் கார்னெட் வாசிப்பவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பின்னால் பியானோ கிடையாது, ஹார்மோனியம்! நாடகக் கொட்டகை நினைவுள்ளவர்கள் அந்த முதல் சத்தத்திலேயே நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலிகள் சொந்த உபயோகத்துக்குத்தான், ஒலிபரப்புக்கு அல்ல. யூடியூபிலிருந்து நேரடியாக ஓட்டுபவர்களுக்கு வேறு தண்டனை உண்டு. ஒருமுறை பாட்டின் நடுவில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு விளம்பரம் வந்தது, அதுவும் எங்கள் நிலையத்துக்குக் காசு தராத விளம்பரம்.

உள்ளூர்ப் பிள்ளைகளின் புது இசை

சமுதாய வானொலிக்கு வழக்கமாக 100 வாட் வரைதான் சக்தி. வில்லியனூர், அரியாங்குப்பம் தாண்டிப் போகப் போகக் கரகரப்பு. அதனால் என்ன லாபம் என்றால், நீங்கள் போடும் உள்ளூர்க் குழுவின் கிடார்காரருடைய அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். எனவே பெயரைத் தப்பாகச் சொல்லாதீர்கள்.

புது இசையைக் கடைசிப் பத்து நிமிடத்தில், மிச்சம் மீதியைப் போல வைப்பது பெரிய தவறு. தெரிந்த இரண்டு பாட்டுக்கு நடுவில் வையுங்கள், யாரும் எழுந்து போக மாட்டார்கள். "புதுவையின் மைல்ஸ் டேவிஸ்" என்று அறிமுகம் செய்வதும் வேண்டாம், இருபது வயதுப் பையனின் தலையில் அம்மிக்கல்லை ஏற்றுவானேன்? பாட்டைக் கேட்டுப் பார்க்காமல் "இந்த வாரம் போட்டுடலாம் தம்பி" என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். குழுவில் ஒருவர் மட்டும் சம்மதித்தால் போதாது, வாசித்த அத்தனை பேரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். குழு உடைந்த பிறகுதான் இதன் அருமை தெரியும். அப்புறம், வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், அது ஓசையை நசுக்கிவிடும். அசல் வேவ் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரைப் போடுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. சாக்ஸபோன் என்றால் நம்மவர்களுக்கு கத்ரி கோபால்நாத் நினைவு வருவது இயல்பு. அவரும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்து 2008-ல் வந்த ஆல்பத்தைப் போடும்போது, இரண்டு ஆல்டோ சாக்ஸில் எது யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கமகம் காட்டிக் கொடுத்துவிடும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. ஜாஸ் என்றாலே இரவு பத்து மணி, மங்கிய விளக்கு, கையில் கிளாஸ் என்று நினைத்து அங்கே தள்ளிவிடுகிறார்கள். விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் அந்த நேரம் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். கடைகளில் கூட்டம் ஓயும் பிற்பகல் மூன்று மணி எனக்குச் சரிப்பட்டது.

உச்சரிப்பு: கிடார் கலைஞர் ஜாங்கோ (Django) ரெய்ன்ஹார்ட் பெயரில், ஆங்கில எழுத்தில் முதலில் வரும் 'டி'யை விழுங்கிவிட வேண்டும். பிரெஞ்சுப் பெயர்களில் கூடுதல் கவனம். பியானோ கலைஞர் மிஷேல் பெத்ருச்சியானியின் பெயரை நான் கொலை செய்த அன்று, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா ஒருவர் நிலையத்துக்கே போன் போட்டு, மூன்று முறை சொல்லவைத்துத்தான் விட்டார்.

அதே பெரியவர் இன்னொன்றும் கேட்டார். பாட்டுக்கு முன்னால் பெயர் சொல்கிறீர்கள், அப்போது நான் ரேடியோவே திறக்கவில்லை, பிடித்துப்போன பிறகு யார் என்று எங்கே போய்க் கேட்பது? இப்போதெல்லாம் பாட்டு முடிந்ததும் யார், எந்த வாத்தியம், எந்த ஆண்டு என்று சொல்கிறேன். பேனா தேடுபவருக்காகக் கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை.