கொடியில் காயாத துணிகள்

எங்கள் வீட்டு பீரோவின் இடது கதவு, முழங்காலால் ஒரு உந்து கொடுத்தால்தான் மூடும். போன ஆடியில் அந்தக் கதவோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போய், இனிமேல் வாங்கவே கூடாத துணிகள் என்று ஒரு பட்டியல் போட்டேன். மொத்தம் 11 வகை. தீபாவளி வருவதற்குள் அதில் 4 வகைகளை மறுபடியும் வாங்கியாகிவிட்டது. நமக்கெல்லாம் கட்டுப்பாடு ஏது என்று கொஞ்ச நாள் நொந்துகொண்டேன். அப்புறம் அந்தப் பட்டியலை எடுத்து நிதானமாகப் படித்தபோது, எப்பேர்ப்பட்ட சிக்கனக்காரராலும் அதைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்தது. அவ்வளவு கோணல். எங்கெங்கே கோணியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சென்னையில் வேலைக்குப் போகிற, புடவையும் குர்தியும் மாற்றி மாற்றி உடுத்துகிற ஒருத்தியின் கணக்கு இது. சட்டை பேன்ட் போடுகிறவர்களுக்கும் பாதி பொருந்தும்.

பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு யோசித்தது

எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வேண்டும் வேண்டாம் என்று பிரித்தேன். கையில் எடுத்த உடனே துணி பேச ஆரம்பித்துவிடுகிறது. இது தங்கை வளைகாப்புக்கு எடுத்தது, இது முதல் போனஸில் வாங்கியது, இந்த நிறம் எனக்கு எடுப்பாக இருக்கும் என்று அம்மா சொன்னது. எனக்குப் பிடித்த துணி எது என்பது நன்றாகத் தெரிந்தது. நான் உடுத்துகிற துணி எது என்பது கடைசிவரை தெரியவில்லை.

அதற்கு மொட்டைமாடிக் கொடிக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு மாதம், காயப்போடும்போது கொடியில் என்ன இருக்கிறது என்று மட்டும் ஃபோனில் குறித்து வந்தேன். என்னிடம் இருப்பது 31 குர்தி. கொடிக்கு வந்தவை 7. புடவையில் 3. நைட்டி இருப்பதே நான்கு, நான்கும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. கொடிப்பக்கமே வராத 24 குர்திகளையும் பிறகு தனியாக அடுக்கிப் பார்த்தேன். பதினைந்து ரேயான். ஐந்துக்குக் கழுத்து அகலம், ஷால் இல்லாமல் போட முடியாது. மீதி, கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறவை. பட்டியல் எழுத வேண்டியது இந்த அடுக்கைப் பார்த்துத்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். மழையில் எதுவும் காயாமல் பீரோவின் அடியில் கிடப்பதெல்லாம் வெளியே வரும். சித்திரைக் கத்திரியில் போட்டால் மெல்லிய காட்டனைத் தவிர எல்லாமே விரோதியாகத் தெரியும். நான் போட்டது மாசியில்.

நைட்டி விஷயம் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அதில்தான். ஆனால் இருப்பதிலேயே மலிவாக, நின்ற இடத்தில் நிறம்கூடப் பார்க்காமல் வாங்கியதும் அதுதான்.

வகைக்கே தடை போட்டது

பழைய பட்டியலின் முதல் வரி: காட்டன் புடவை வாங்கக் கூடாது. எழுதியபோது நியாயமாகத்தான் தோன்றியது. 12 காட்டன் புடவையில் 9 தொடாமல் கிடந்தன. ஏன் தொடவில்லை என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த ஒன்பதில் ஏழு, கஞ்சி கேட்கிற ரகம். கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, முக்கி எடுத்து, உலர்த்தி, இஸ்திரி வண்டிக்குக் கொடுத்து வாங்கி, ஒரு நாள் கட்டிக்கொண்டு மின்சார ரயிலில் உட்கார்ந்து எழுந்தால் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. கொடிக்குத் தவறாமல் வந்த மூன்றும் காட்டன்தான்: இரண்டு மதுரைச் சுங்குடி, ஒரு மெல்லிய கைத்தறி. கஞ்சி போட்டாலும் போடாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாத சாதி.

ஆக நான் நிறுத்த வேண்டியது, கஞ்சி போட்டால்தான் நிற்கும் காட்டன். அதை விட்டுவிட்டு மொத்தக் காட்டனுக்கும் தடை போட்டதால், கோ-ஆப்டெக்ஸில் ஒரு நல்ல சுங்குடியைப் பார்த்த அன்றே தடையை மீறினேன். ஒரு வரியை மீறியதும் மற்ற பத்து வரிகளுக்கும் மதிப்புப் போய்விட்டது. அகலமாகப் போடும் தடையில் இருக்கும் வம்பே இதுதான்: அது என்றைக்காவது ஒரு நல்ல துணியின் குறுக்கே வந்து நிற்கும், நாமும் நியாயமாகவே அதைத் தாண்டுவோம், பிறகு தாண்டுவது பழகிவிடும்.

ரேயானையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 999 ரூபாய்க்கு மூன்று என்று ரங்கநாதன் தெருவில் தொங்குவதில் பெரும்பாலும் அதுதான். கெட்ட துணி என்று சொல்ல மாட்டேன். மரக்கூழிலிருந்து செய்வது, தொட்டால் குளுமை, பருத்தியைவிட ஈரத்தை நன்றாகவே உறிஞ்சும். ஆனால் நனைந்தால் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்த நேரத்தில் வாஷிங் மெஷினில் ஜீன்ஸோடும் துண்டோடும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் சுருங்கி, மேலெல்லாம் நூல் எழும்பி, நாலாவது சலவைக்கே பழசாகிவிடுகிறது. கையால் அலசி நிழலில் போடுகிற என் அண்ணிக்கு அதே கடைக் குர்தி இரண்டு வருடம் வருகிறது. எங்கள் வீட்டில் எல்லாம் மெஷின்தான். எனவே ரேயான் என் பட்டியலில் உண்டு, அண்ணியின் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. அடுத்தவர் எதை நிறுத்தினார் என்று கேட்டு நாமும் நிறுத்துவதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். வீட்டுத் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உப்பு ஏறிய போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் படிந்து, வெள்ளைத் துணி ஆறே மாதத்தில் சாம்பல் பூத்துவிடும். மெட்ரோ தண்ணீர் வரும் தெருவில் வெள்ளைக் குர்தி வேறு ஆயுளோடு வாழ்கிறது.

பாலியெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாக வெளியில் கிடக்கும்போதே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அது அரை சதவீதம்கூடக் கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை உடம்பிலேயே நின்று ஒழுகும் காரணம் அது. அதே குணத்தால்தான் நவம்பர் மழையில் நனைந்த பாலியெஸ்டர் ஜார்ஜெட் புடவை ஃபேன் காற்றில் காய்ந்து மறுநாளே கட்ட முடிகிறது. ஆகவே என்னிடம் ஜார்ஜெட் இரண்டு உண்டு, மூன்றாவது வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறேன். கடைக்காரர் காட்டன் மாதிரி, காட்டன் மிக்ஸ் என்றெல்லாம் சொன்னால், உள்தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் புரட்டிப் பாருங்கள்.

ஜாக்கெட் தைக்காமல் புடவையைக் குறை சொன்னது

கட்டாத புடவைகளில் பல, கட்டவே முடியாத புடவைகள். ஓரம் அடிக்கவில்லை, ஃபால்ஸ் வைக்கவில்லை, ஜாக்கெட் துணி இன்னும் முந்தானைக்கு எதிர்முனையில் வெட்டாமல் தொங்குகிறது. இதைப் போய் ‘பிடிக்கவில்லை, இனி இந்த ரகம் வேண்டாம்’ என்ற கணக்கில் சேர்த்திருந்தேன். இன்னும் சிலவற்றுக்கு ஜாக்கெட் உண்டு, இறுகிவிட்டது. நல்ல தையற்காரர் பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலமாவது துணி விட்டுத்தான் தைத்திருப்பார். பிரித்துவிட்டால் மறுபடி போடலாம். பட்டியல் எழுதும் முன் இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை தையல் கடைக்குப் போய்வருவது நல்லது. நான் போய்வந்ததில் 5 புடவை உயிர்பெற்றன.

ஆனால் இரண்டு வருடம் ஜாக்கெட் இல்லாமலே கிடந்த புடவை ஒரு விஷயத்தைச் சொல்கிறது: எனக்குத் தையல் கடைக்கு அலைய நேரமில்லை. அதற்கு ஏற்ற மாதிரி இப்போது ஒரு வரி வைத்திருக்கிறேன். தைத்துத் தயாராக இருக்கும் கறுப்பு, அரக்கு, பொன்நிற ஜாக்கெட்டில் ஒன்றுக்காவது பொருந்தாத அலுவலகப் புடவை வேண்டாம். எவ்வளவு அழகான மயில்கழுத்து நிறமாக இருந்தாலும் சரி. குர்தியிலும் இதே கதைதான். குறிப்பிட்ட ஒரே லெகிங்ஸுக்கு மட்டும் சேரும் குர்தி, அந்த லெகிங்ஸின் முழங்கால் தொங்கிய அன்றைக்கு ஓய்வுபெற்றுவிடுகிறது.

இளைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று வாங்குவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதாக இல்லை. உங்களுக்கே தெரியும்.

விலை கூடியதை மட்டும் நிறுத்தியது

2,400 ரூபாய்க் கைத்தறிப் புடவை. ஜாக்கெட் தையல் 500, ஃபால்ஸும் ஓரமும் 150, ஆக 3,050. இரண்டு வருடத்தில் 50 தடவை கட்டியிருப்பேன். ஒரு தடவைக்கு 61 ரூபாய். 333 ரூபாய்க் குர்தி, அதற்கென்று எடுத்த லெகிங்ஸ் 299, சேர்த்து 632. மூன்று தடவை போட்டேன். ஒரு தடவைக்கு 210 ரூபாய்க்கு மேல். பழைய பட்டியலில் நான் தடுத்தது கைத்தறியை, ஏனென்றால் பில்லில் பெரிதாகத் தெரிந்தது அதுதான்.

இந்தக் கணக்கைப் பட்டுப் புடவையிடம் கொண்டுபோகாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முகூர்த்தம் கட்டுகிற பட்டு, எப்படி வகுத்தாலும் தோற்கும். ஆனால் அது பெண்ணுக்குப் போகும், பிறகு அவள் பெண்ணுக்குப் பாவாடையாகும், கடைசியில் அசல் ஜரிகை என்றால் அதில் இருக்கும் வெள்ளிக்காகவே விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். எனக்குப் பணத்தைத் தின்றது நடுவில் இருக்கும் ரகம்: கல்யாணத்துக்குக் கல்யாணம் எடுக்கும் 1,500, 2,000 ரூபாய்ப் ‘பட்டு மாதிரி’. ஒரே கூட்டம் பார்த்துவிடும் என்பதால் ஒரு தடவை கட்டியதை மறுபடி கட்ட மனசு வராது. ஒரு கடையில் அசல் பட்டு என்றே சொல்லி விற்ற புடவையின் ஓரத்திலிருந்து நாலு இழை உருவி வீட்டில் கொளுத்தினேன். பட்டு என்றால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, கடுகு மாதிரி கெட்டியாக உருண்டுகொண்டது. பட்டுக்கென்றே ‘சில்க் மார்க்’ முத்திரை 2004 முதல் இருக்கிறது. அந்த லேபிளைத் தேடாமல் விற்பவர் வாயை நம்பியது என் தப்பு. இப்போது முழு வரியாக எழுதிவிட்டேன்: பட்டு என்றால் பட்டு, இல்லையென்றால் காட்டன், நடுவில் எதுவும் வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் வெளியேற்றியது

வேண்டாததை வாங்காமல் இருப்பது ஒரு வேலை, இருப்பதைக் கழிப்பது வேறு வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வம்பு. முன்பொரு முறை வேகம் வந்து, ஒரு மூட்டைத் துணியைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் டிபன் கேரியர் வாங்கினேன். பீரோவில் காலி இடம் தெரிந்தது. காலித் தட்டைப் பார்த்தால் நிரப்பச் சொல்லும். கூடவே ஆடி வேறு. முகூர்த்தம் இல்லாத மாதம் என்று ஜவுளிக்கடைக்காரர்கள் சரக்கைத் தள்ளுபடியில் போடுவார்கள், நமக்கோ அப்போதுதான் தேவையெல்லாம் ஞாபகம் வரும். இந்தத் தடவை அந்த 24 குர்திகளையும் சூட்கேஸில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஆறு மாதத்தில் இரண்டே இரண்டுக்காகத்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். மற்ற 22 போகலாம்.

வருவதைக் கணக்கில் எடுக்காமல் விட்டது

பட்டியல் கடைவாசலில் நிற்கும். வீட்டுக்குள் நுழைகிற துணிக்கு அது பொருட்டே இல்லை. கிருகப்பிரவேசத்தில் வைத்துக் கொடுத்த புடவை, சீமந்தத்தில் தாம்பூலத்தோடு வந்த ஜாக்கெட் பிட், அலுவலகத்தில் எல்லாரும் ஒரே மாதிரி கட்டலாம் என்று எடுத்த பச்சைப் புடவை. என் 12 காட்டன் புடவையில் நானாக வாங்கியது 7தான். ஜாக்கெட் பிட்டைப் பொறுத்தவரை கவலை இல்லை, அது நம் வீட்டில் தங்க வருவதே கிடையாது, அடுத்த நவராத்திரிக்கு வேறு தாம்பூலத்தில் ஏறிப் போய்விடும். புடவைக்குத்தான் வழி வேண்டும். அத்தையிடம் மட்டும் தைரியமாகச் சொல்லிப் பார்த்தேன், ‘அத்தை, இந்தத் தடவை புடவை எடுக்காதீங்க, குழந்தைக்கு ஏதாவது வாங்கிக் குடுங்க.’ குழந்தைக்கும் வாங்கினார், புடவையும் எடுத்தார். சரி, நிறமாவது கேட்டு எடுங்கள் என்ற இடத்தில் சமாதானம் ஆனோம்.

என் கணவர் துணி வாங்கியே நான்கு வருடம் ஆகிறது. அவரை உதாரணமாகக் காட்டித்தான் எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். போன வாரம் இடது கதவுப் பக்கத்தை முழுக்க இறக்கிப் பார்த்தேன். பின்வரிசையில், கல்யாணங்களில் மரியாதைக்கு வைத்துக் கொடுத்த வேட்டிகள், அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல், ஒன்பது.