மீன்பிடிப் படகுக்கு அவுட்ரிகர் வாங்குகிறீர்களா? கம்பை விடுங்கள், முதலில் காலைப் பாருங்கள்

வஞ்சிரம், சூரை, சீலா என்று ஓடும் மீன்களுக்குப் படகை ஓட்டிக்கொண்டே தூண்டில் இழுப்பவர்களுக்கு அவுட்ரிகர் பெரிய உதவி. படகின் இரு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்து நிற்கும் நீளக் கம்புகள் அவை. எஞ்சின் கிளப்பும் நுரைக்கு வெளியே, தெளிந்த தண்ணீரில் தூண்டில் கயிறு ஓடும். இரண்டு தூண்டில் போட்ட இடத்தில் நான்கு போடலாம். படகு வளையும்போது கயிறுகள் பின்னிக்கொள்வதும் குறையும்.

கடையில் எல்லோரும் கம்பைத்தான் முதலில் தூக்கிப் பார்க்கிறார்கள். ஆனால் பாரம் முழுவதையும் தாங்குவது அடியில் இருக்கும் கால், அதாவது கம்பைச் செருகிப் படகோடு பூட்டும் அடிப்பிடி. 15 அடிக் கம்பின் நுனியில் 5 கிலோ இழுவை என்றால், அரையடி உயரக் காலில் அது சுமார் 150 கிலோவாக வந்து இறங்கும். அதனால் என் வரிசை கீழிருந்து மேலே போகும்.

படி 1: படகின் விளிம்பைத் தட்டுங்கள்

நாகை, காரைக்கால், தரங்கம்பாடி பக்கம் ஓடும் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் கூரை கிடையாது. அதனால் அவுட்ரிகர் காலைப் படகின் பக்க விளிம்பில்தான் பூட்ட வேண்டும். விரல் முட்டியால் விளிம்பு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான சத்தம் வரும் இடம் நல்ல இடம். டொக்கு சத்தம் வந்தால் உள்ளே வெற்றிடம். அங்கே அப்படியே பூட்டினால் ஃபைபர் கீறிவிடும். எங்கே பூட்டினாலும் அடியில் அலுமினியத் தகடோ மரைன் பிளைவுட்டோ கொடுத்து, போல்ட்டை மறுபக்கம் வரை விட்டு நட்டுப் போட வேண்டும். வெறும் ஸ்குரூ வேண்டவே வேண்டாம். துளையைச் சுற்றி மரைன் சீலன்ட் பூசுங்கள்.

படி 2: காலை ஆட்டிப் பாருங்கள்

கடைக்காரரிடம் சொல்லி, கம்பைக் காலில் செருகிப் பூட்டச் சொல்லுங்கள். கம்பைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பூட்டு ஊசிக்கும் துளைக்கும் நடுவே 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அதை வாங்காமல் வைத்துவிடுங்கள். அலையில் அந்த ஆட்டம் நாளுக்கு நாள் வளரும். நேராக நிமிர்த்தி ஒரு நிலை, விரித்து ஒரு நிலை, இரண்டிலும் உறுதியாகப் பூட்ட வேண்டும். ஈரக் கையால் ஒரே ஆள் பூட்டிக் கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். ஸ்டீல் என்றால் 316 ரகமா என்று கேளுங்கள். 304 உப்புக் காற்றில் சீக்கிரம் துருக்கறை பிடிக்கும். அலுமினியக் காலில் ஸ்டீல் போல்ட் போட்டால் நடுவே நைலான் வாஷர் கட்டாயம். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும்.

படி 3: நீளமும் பொருளும்

ஒடுக்கமான சிறு படகுக்கு 15 அடி போதும். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணை ஆழம் குறைவு. சோழகம் (தென்காற்று) வீசும் நாளில் குட்டை அலை அடுத்தடுத்து அடிக்கும். படகு உருளும்போது நீளக் கம்பின் நுனி தண்ணீரைக் குத்தும்.

அலுமினியம் விலைக்கு நியாயமானது. கார்பன் விறைப்பு, எடை குறைவு, விலை அதிகம். இழுத்து நீட்டும் கம்பு என்றால் ஒவ்வொரு மூட்டும் சுத்தமாகப் பூட்டுகிறதா பாருங்கள். மணலும் உப்பும் முதலில் அங்கேதான் சிக்கும். பழகிப் பார்க்க மட்டும் என்றால் முற்றிய கல்மூங்கில் போதும். அந்தக் காலத்து அவுட்ரிகர்களும் மூங்கில்தான்.

படி 4: கிளிப்

கம்பில் ஓடும் கயிற்றில் ஒரு ரிலீஸ் கிளிப் தொங்கும். தூண்டில் கயிறு அதில் மாட்டியிருக்கும். மீன் கடித்ததும் விடுபட்டு, இழுவை நேரே ராடுக்கு (தூண்டில் கோலுக்கு) வர வேண்டும். பிடி எவ்வளவு என்பதைக் கரையிலேயே பாருங்கள். கயிற்றைக் கிளிப்பில் மாட்டி, மறுமுனையை ஸ்பிரிங் தராசில் கட்டி இழுங்கள். வெறும் இரை தண்ணீரில் இழுபடும் கனத்தைவிடச் சற்று அதிகத்தில் விட வேண்டும். ரொம்பத் தளர்ந்தால் ஒவ்வொரு அலைக்கும் கழன்றுவிடும். ரொம்ப இறுகினால் கம்புதான் வளையும்.

படி 5: முதல் ஓட்டம்

முகத்துவாரம் தாண்டும்வரை கம்புகள் நிமிர்ந்தே இருக்கட்டும். கடலில் விரித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, பிறகு வேகம் கூட்டுங்கள். திரும்பி ஆற்றுக்குள் வரும்போது பாலத்தையும் மின்கம்பியையும் பார்த்து முன்கூட்டியே கம்பை இறக்கிவிடுங்கள். அலுமினியமும் கார்பனும் மின்சாரம் கடத்தும். ஐப்பசி இடி மின்னலிலும் இதே கவனம் வேண்டும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, எல்லா நட்டையும் ஸ்பேனரால் ஒருமுறை இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளர்வது சகஜம். அதே நட்டு இரண்டாம் ஓட்டத்திலும் தளர்ந்திருந்தால், அடியில் கொடுத்த தகடு போதவில்லை. அதைவிட அகலமாக வெட்டிப் போடுங்கள்.