பக்கத்து நாட்டோடு குடிவரவு ஒப்பந்தம்: எங்கே தவறு நடக்கிறது?

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதிலிருந்து எங்கள் பக்கம் ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. ஐரோப்பாவில் பாஸ்போர்ட்டைக் காட்டாமலே நாடு விட்டு நாடு போகிறார்களே, நமக்கு ஏன் அது வரவில்லை?

வரலாம். ஆனால் எல்லையில் சோதனைச் சாவடியை எடுத்துவிட்டால் எல்லா நாட்டுக்கும் பொதுவான குடிவரவுக் கொள்கை வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. லக்சம்பர்க்கில் உள்ள செங்கன் என்ற ஊரின் பக்கத்தில் 1985-ல் 5 நாடுகள் கையெழுத்துப் போட்டன, சோதனை நின்றதோ 1995-ல்தான். பொது விசா, வெளி எல்லைக் காவல், போலீஸ் தகவல் பரிமாற்றம் என்று இடைப்பட்ட பத்து வருஷத்தில் பேசித் தீர்க்க அவ்வளவு இருந்தது.

அடுத்தது சுமையைப் பங்கு போடாமல் விடுவது, எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. 1990-ல் ஐரோப்பிய நாடுகள் கையெழுத்துப் போட்ட டப்ளின் உடன்படிக்கை கொண்டுவந்த விதிப்படி, அகதி பெரும்பாலும் எந்த நாட்டில் முதலில் கால் வைக்கிறாரோ அந்த நாடுதான் அவர் மனுவை விசாரிக்க வேண்டியிருந்தது. 2015-ல் கடல் வழியாக லட்சக்கணக்கானவர்கள் வந்தபோது கிரீஸும் இத்தாலியும் திணறிப்போயின. நமக்கு இது புரியாதா என்ன? தண்ணீர் கடைசியாக வந்து சேருவதும் கடைமடைக்கு, வெள்ளம் வந்தால் மூழ்குவதும் கடைமடை. முறை வைத்துப் பங்கிடாத ஒப்பந்தம் எல்லையோர நாட்டின் தலையில்தான் விடியும்.

இன்னொரு தவறு, சாதாரண ஆட்களை விட்டுவிடுவது. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1992-ல் கொண்டுவந்த விசா விலக்கு நீதிபதி, எம்.பி. போன்றவர்களுக்கானது. கூலி வேலைக்குப் போகிறவர் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்புறம், சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் எழுதுவது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் வேலைக்குப் போன இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. பத்து வருஷம் கழித்து அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். எங்கள் தெருவில், இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியான அட்டனில் பிறந்த ஒரு அம்மா இருக்கிறார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுத்திய இடத்தை இன்னும் தடவிக்கொண்டே பேசுவார். “எந்தப் பக்கம் இருக்க ஆசைன்னு எங்கள யாரு தம்பி கேட்டா?” என்று என்னிடம் கேட்டார்.