கலைந்துபோன சின்னப் பள்ளி கான்ஃபரன்ஸின் வரலாற்றைத் தோண்டி எடுப்பது எப்படி?

இண்டியானா மாதிரி ஒரு அமெரிக்க மாநிலத்தில் எப்போதோ கலைந்துபோன சின்ன உயர்நிலைப் பள்ளிகளின் விளையாட்டு கான்ஃபரன்ஸைப் (சீசன்தோறும் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் பள்ளிகளின் கூட்டமைப்பு) பற்றி எழுதப்போகிறீர்களா? அதன் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டே உட்காராதீர்கள், பெரிதாக ஒன்றும் சிக்காது. பள்ளிகளைப் பிடியுங்கள்.

ஒரு கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) எடுத்து, 1950-களில் அங்கே இருந்த உயர்நிலைப் பள்ளிகளைப் பட்டியல் போடுங்கள். ஏன் அந்தக் காலம் என்றால், 1959-ல் அந்த மாநிலத்தில் பள்ளி மறுசீரமைப்புச் சட்டம் வந்தது, அதற்கப்புறம் நூற்றுக்கணக்கான ஊர்ப் பள்ளிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. நாலு பள்ளி சேர்ந்து ஒன்றாகிவிட்டால் யாரோடு யார் மோதுவது? எனவே ஒவ்வொரு பள்ளியும் எந்த ஆண்டு, எதோடு இணைந்தது என்று எழுதி வைத்தாலே கான்ஃபரன்ஸ் எப்படிக் கரைந்தது என்பது பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது பழைய செய்தித்தாள். ஹூசியர் ஸ்டேட் கிரானிக்கிள்ஸ் தளத்தில் இண்டியானாவின் பழைய நாளிதழ்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கூடைப்பந்துக்கு பிப்ரவரி மாத விளையாட்டுப் பக்கங்களைப் பாருங்கள், சீசன் முடியும் நேரம் அது. புள்ளிப்பட்டியலில் வெற்றி தோல்வி இரண்டு ஜோடியாக இருந்தால் ஒன்று கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு, இன்னொன்று மொத்த ஆட்டங்களுக்கு; அவசரத்தில் மாற்றி எழுதினால் சாம்பியனே மாறிப்போவார். ஆண்டையும் 1957-58 என்று சேர்த்தே குறியுங்கள், வெறும் 1958 என்றால் எந்த சீசன் என்று பிறகு நீங்களே முழிப்பீர்கள்.

நிறையப் பேர் சறுக்குவது கோப்பைகளில். கவுண்டி போட்டி, மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தின் செக்ஷனல் (மாநிலப் பட்டத்துக்கான போட்டியின் முதல் கட்டம்), கான்ஃபரன்ஸ் பட்டம் மூன்றும் வேறு வேறு. 161 மாணவர்களே இருந்த மைலன் பள்ளி 1954-ல் மன்சி சென்ட்ரலை 32-30 என்று வீழ்த்தியதே, அது மாநிலப் பட்டம். சின்னதும் பெரியதும் ஒரே போட்டியில் மோதிய காலம் அது. கூடைப்பந்தில் பள்ளி அளவு வாரியான பிரிவுகள் 1997-98 சீசனில்தான் வந்தன. கான்ஃபரன்ஸ் கணக்கில் இதையெல்லாம் கலக்காதீர்கள்.

பள்ளி ஆண்டு மலர்களையும் விடாதீர்கள், உள்ளூர் நூலகத்தில் கேட்டால் பெரும்பாலும் இருக்கும். மலர் ஒன்று சொல்லி நாளிதழ் வேறு சொன்னால், ஆட்டம் ஆட்டமாக ஸ்கோரைக் கூட்டிப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் சண்டை அங்கேதான் தீரும்.