ஆக்ஸஸ் விபிஏவில் ரன்டைம் எரர்: பெட்டியை மூடும் முன் கவனிக்க வேண்டியவை

டேட்டாபேஸ் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் ஒரு பட்டனைத் தட்டியதும், அதன் நிரல் மொழியான விபிஏவில் எழுதியது ஓடும்போது தவறு நேர்ந்து 'ரன்டைம் எரர்' பெட்டி வந்தால், பலருடைய கை நேராக 'எண்ட்' பட்டனுக்குத்தான் போகிறது. பாதித் தடயம் அங்கேயே அழிந்துவிடுகிறது. எண்ட் அழுத்தினால் மாட்யூல் அளவிலான வேரியபிள்கள் எல்லாம் காலியாகிவிடும். எந்த மதிப்பு வந்து கோடு (எழுதிய நிரல்) நின்றது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதனால் 'டீபக்' அழுத்துங்கள். மஞ்சளாக நிற்கும் வரி, கோடு நின்ற இடம்தான். தவறு பிறந்த இடம் பெரும்பாலும் அதற்கு மேலே சில வரிகள் தள்ளியோ, ஃபார்மில் யாரோ நிரப்பாமல் விட்ட ஒரு பெட்டியிலோ இருக்கும். கன்ட்ரோல் + ஜி அடித்து இமீடியட் விண்டோவைத் திறந்து, கேள்விக்குறி போட்டு வேரியபிளின் பெயரைத் தட்டி என்டர் கொடுங்கள். அந்த நேரத்தில் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். எரர் எண்ணையும் குறித்துவையுங்கள். எண் தெரியாமல் மருந்து தேட முடியாது.

எரர் வருவதைவிடப் பெரிய கேடு, வந்த எரரை வாயடைப்பது. 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற ஒரு வரியை ப்ரொசீஜரின் தலையில் போட்டால் பெட்டி வராது. கோடு ஓடிக்கொண்டே இருக்கும். சரக்கு இருப்பைக் குறைக்கும் வரி வேலை செய்து, பில்லைச் சேமிக்கும் வரி தோற்றுப்போனால், இருப்பு குறைந்திருக்கும், பில் இருக்காது. கணக்கு முடிக்கும் நாளில்தான் அது வெளியே வரும். இந்த வரி தேவைப்படும் இடங்களும் உண்டு: இல்லாமலும் இருக்கக்கூடிய ஒரு தற்காலிக டேபிளை நீக்கும்போது, ஒரு ஃபைலை அழிக்கும்போது. அங்கே அந்த ஒரு வரிக்கு மட்டும் போட்டு, அடுத்த வரியிலேயே 'ஆன் எரர் கோ டூ 0' என்று முடித்துவிடுங்கள்.

ஆக்ஸஸின் எச்சரிக்கைகளை அணைக்கும் 'டூகமாண்ட் செட்வார்னிங்ஸ் ஃபால்ஸ்' இதற்கு உடன்பிறப்பு. அதற்கும் 'ட்ரூ' வரிக்கும் நடுவில் எரர் வந்து கோடு வெளியேறிவிட்டால், ஆக்ஸஸை மூடும்வரை எச்சரிக்கைகள் அணைந்தே கிடக்கும். அதன்பின் யாராவது கையால் ஒரு டெலீட் குவெரியை ஓட்டினால்கூட 'நிச்சயமாகவா?' என்று கேட்காது. டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லை ஓட்ட, இந்த எச்சரிக்கைகளைக் கேட்கும் 'ரன் எஸ்கியூஎல்' வேண்டாம். டேட்டாபேஸ் ஆப்ஜெக்டின் 'எக்ஸிக்யூட்' மெத்தடை 'டிபி ஃபெயில் ஆன் எரர்' ஆப்ஷனோடு பயன்படுத்துங்கள். அந்த ஆப்ஷனை மறந்தால், ஏற்கெனவே உள்ள கீயோடு மோதிய ரெக்கார்டுகள் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.

அடிக்கடி வருவது 94: 'நல்' (Null) மதிப்பைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொல்லும் எரர். நல் என்பது பூஜ்யமும் அல்ல, வெற்றுச் சரமும் அல்ல. 'மதிப்பே இல்லை' என்று பொருள். வேரியன்ட் வகை வேரியபிள் மட்டும்தான் அதைத் தாங்கும். 'டீலுக்அப்' தேடியது கிடைக்காவிட்டால் நல்லைத்தான் தரும்; அதை ஸ்ட்ரிங்கிலோ லாங்கிலோ போட்டால் 94. உடனே எல்லா இடத்திலும் 'என்இஸட்' ஃபங்ஷனைப் போட்டு பூஜ்யமாக்கிவிடுவது பலரின் வழக்கம். இதிலும் ஆபத்து இருக்கிறது. தள்ளுபடி இல்லையென்றால் பூஜ்யம் சரி. விலை இல்லையென்றால்? பூஜ்ய ரூபாய்க்கு பில் அச்சாகிவிடும். அங்கே 'இஸ்நல்' என்று பார்த்து, 'இந்தப் பொருளுக்கு விலை பதியவில்லை' என்று பயனரிடம் சொல்லி நிறுத்துவதே முறை.

அடுத்து, கோடுக்குள் ஒட்டுப்போட்டு எழுதும் எஸ்கியூஎல். பாதிக்கு மேற்பட்ட தலைவலி இங்கேதான். 3061 வந்தால் 'பாராமீட்டர்கள் போதவில்லை, எதிர்பார்த்தது 1' என்று சொல்லும். நாம் பாராமீட்டரே வைக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். தனக்குத் தெரியாத எந்தப் பெயரையும் டேட்டாபேஸ் எஞ்சின் பாராமீட்டர் என்றுதான் எடுத்துக்கொள்ளும். சரத்தை ஒரு வேரியபிளில் போட்டு, ஓட்டுவதற்கு முன் 'டீபக் ப்ரின்ட்' செய்து பாருங்கள். இமீடியட் விண்டோவில் இப்படி வந்து நிற்கும்:

செலக்ட் * ஃப்ரம் பில் வேர் ஊர் = மதுரை

மதுரைக்கு இருபுறமும் மேற்கோள் குறி இல்லை. அதனால் மதுரை என்ற பெயரில் ஒரு ஃபீல்டைத் தேடி, கிடைக்காமல் 3061 தருகிறது. ஊர்ப்பெயர் 'சேலம் டவுன்' என்று இரண்டு சொல்லாக இருந்தால் அதே பிழை 3075 (வாக்கிய அமைப்புப் பிழை) ஆக வரும். பெட்டி காலியாக இருந்து சரம் 'பில்எண் =' என்று அந்தரத்தில் முடிந்தாலும் 3075தான். மேற்கோள் போட்டபின்னும் டி'சூசா என்று ஒரு வாடிக்கையாளர் வந்தால் பெயருக்குள் இருக்கும் ஒற்றைக் குறி சரத்தைப் பாதியில் முடித்துவிடும். 'ரீப்ளேஸ்' கொண்டு ஒற்றைக் குறியை இரண்டாக்குங்கள். அதைவிட நல்லது, குவெரியைக் குறிக்கும் ஆப்ஜெக்டான குவெரிடெஃப் வைத்து மதிப்பைப் பாராமீட்டராகவே அனுப்புவது. மேற்கோள் தொல்லையே இருக்காது.

3061க்கு இன்னொரு முகமும் உண்டு. சேமித்த குவெரிக்குள் 'ஃபார்ம்ஸ்' என்று தொடங்கி ஒரு ஃபார்ம் பெட்டியைக் குறிப்பிட்டிருப்பீர்கள். டபுள் கிளிக் செய்தால் அழகாகத் திறக்கும். 'ஓப்பன் ரெக்கார்ட்செட்' மூலம் திறந்தால் 3061. காரணம், ஃபார்மைப் பற்றி ஆக்ஸஸுக்குத் தெரியும், அடியில் இருக்கும் எஞ்சினுக்குத் தெரியாது. குவெரிடெஃபின் பாராமீட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் பெயரை 'இவால்' ஃபங்ஷனுக்குக் கொடுத்து வரும் மதிப்பை நிரப்பிவிட்டுத் திறங்கள்.

தேதி விஷயத்தில் எரரே வராது, அதுதான் பயங்கரம். எஸ்கியூஎல்லில் இரண்டு # குறிகளுக்கு நடுவே உள்ள தேதியை ஆக்ஸஸ் மாதம், நாள், வருடம் என்ற அமெரிக்க முறையில்தான் படிக்கும். நம் கணினிகளில் நாள் முன்னால் வரும். 2024 மார்ச் 5ஐ அப்படியே ஒட்டினால் #05-03-2024# ஆகி, மே 3 என்று படிக்கப்படும். மார்ச் 13 என்றால்? 13வது மாதம் கிடையாது. அதனால் சரியாகவே எடுத்துக்கொள்ளும். ஆக, மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் ரிப்போர்ட் தப்பாக வரும், அதிலும் மே 5 போல நாளும் மாதமும் ஒன்றானால் சரியாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் வருடத்தில் 132 நாட்கள். 20ஆம் தேதி சோதித்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று கொடுத்துவிடுவார்கள். 'ஃபார்மட்' ஃபங்ஷனால் தேதியை #2024-03-05# என்று வருடம் முன்னால் வரும்படி மாற்றி ஒட்டுங்கள். சோதிக்கும்போது ஏதாவது ஒரு மாதத்தின் 5ஆம் தேதியையும் 25ஆம் தேதியையும் சேர்த்தே சோதியுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 91 என்றால் ஆப்ஜெக்டுக்கு முன்னால் 'செட்' விட்டுப்போயிருக்கும். 3021 என்றால் ரெக்கார்டே இல்லாத ரெக்கார்ட்செட்டில் நகரப் பார்த்திருப்பீர்கள். ரெக்கார்டுகள் முடிந்துவிட்டனவா என்று சொல்லும் 'இஓஎஃப்' பார்த்தபின் நகருங்கள். 'டிம் ஆர்எஸ் ஆஸ் ரெக்கார்ட்செட்' என்று மொட்டையாக எழுதி 13 (வகை பொருந்தவில்லை) வந்தால், ரெஃபரன்ஸ் பட்டியலில் டேட்டாபேஸை அணுகும் இரண்டு லைப்ரரிகளான டிஏஓ, ஏடிஓவில், டிஏஓவுக்கு மேலே ஏடிஓ இருக்கிறதா என்று பாருங்கள். 'டிஏஓ' என்று முன்னால் சேர்த்தால் தீரும். 300 * 200 என்பதை லாங் வேரியபிளில் போட்டாலும் 6ஆம் எண் ஓவர்ஃப்ளோ வரும். இரண்டுமே இன்டீஜர் என்பதால் பெருக்கலே 32,767ஐத் தாண்டித் தோற்கிறது. ஒன்றை 'சிலாங்' ஆக்குங்கள். 3420 வந்தால், திறந்திருக்கும் டேட்டாபேஸைத் தரும் 'கரண்ட்டிபி'யிலிருந்து நேராக டேபிள்டெஃப் (டேபிளைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) எடுத்திருப்பீர்கள். அந்த வரி முடிந்ததும் கரண்ட்டிபி மறைந்துவிடும். முதலில் அதை ஒரு வேரியபிளில் பிடித்து வையுங்கள். எத்தனை ரெக்கார்டு மாறியது என்று கேட்டால் எப்போதும் 0 வருவதற்கும் இதுவே காரணம்.

எரர் ஹேண்ட்லர் (எரர் வந்தால் ஓடும் பகுதி) எழுதுகிறவர்கள் அது தொடங்கும் லேபிளுக்கு முன்னால் 'எக்ஸிட் சப்' போட மறந்தால், எல்லாம் சரியாக ஓடிய பிறகும் எண் 0 என்று ஒரு காலிப் பெட்டி வரும். ஹேண்ட்லரின் முதல் வேலை எரர் எண்ணையும் விவரத்தையும் வேரியபிள்களில் எடுத்து வைப்பது. நடுவில் இன்னொரு 'ஆன் எரர்' வரி வந்தாலே அவை அழிந்துவிடும். தெரிந்த எண்ணை மட்டும் தனியாகக் கையாளுங்கள். உதாரணமாக, ரிப்போர்ட்டில் டேட்டா இல்லாமல் 'கேன்சல்' ஆனால், அதைத் திறந்த கோடில் 2501 வரும், அதை விட்டுவிடலாம். மற்ற எண்களை ப்ரொசீஜரின் பெயர், நேரம், பயனர் பெயரோடு ஒரு லாக் டேபிளில் எழுதுங்கள்.

எடிட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் 'ரிக்வயர் வேரியபிள் டிக்ளரேஷன்' (வேரியபிளை அறிவித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற விதி) டிக் செய்யுங்கள். அது புது மாட்யூல்களுக்கு மட்டும்தான். பழையவற்றின் தலையில் அதே விதிக்கான 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' வரியை நீங்களே தட்ட வேண்டும். ஜெனரல் பகுதியில் 'ப்ரேக் இன் கிளாஸ் மாட்யூல்' வைத்தால், ஃபார்ம் மாட்யூலுக்குள் வரும் எரரும் உண்மையான வரியிலேயே நிற்கும். வேறொரு கணினியில் 'டேட்', 'லெஃப்ட்' போன்ற சாதாரண ஃபங்ஷன்கள் திடீரென வேலை செய்யாவிட்டால் கோடைத் தொடாதீர்கள். ரெஃபரன்ஸஸ் பட்டியலில் 'மிஸ்ஸிங்' என்று ஏதாவது தொங்கும். முடித்ததும் டீபக் மெனுவில் கம்பைல் கொடுங்கள்.

ஆக்ஸஸ் முழுமையாக இல்லாமல் ரன்டைம் பதிப்பு மட்டும் இருக்கும் கணினிகளில், ஹேண்ட்லர் இல்லாத ஒரே ஒரு எரர் வந்தாலும் முழு அப்ளிகேஷனும் மூடிக்கொள்ளும். டீபக் பட்டனே கிடைக்காது. அங்கே அனுப்பும் முன் ஒவ்வொரு பட்டனின் கிளிக் ஈவென்ட்டிலும் ஹேண்ட்லர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கணினியிலேயே ஃபைலின் எக்ஸ்டென்ஷனை 'ஏசிசிடிஆர்' என்று மாற்றித் திறந்தால், ரன்டைமில் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சோதித்துவிடலாம்.